பாஜோ பெண்களும் ஆபத்து மிகுந்த கர்ப்பமும்: அறியாமை என்று எழுதுவது சரியா?

செம்பூர் மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் சமூக நலவாழ்வுத் துறையில் முதுகலை இறுதியாண்டு படித்து வருகிறேன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவை ஒட்டிய ஆழமற்ற கடலில் கால்நட்டுக் கட்டிய வீடுகளில் வாழும் பாஜோ சமூகத்துப் பெண்கள், ஆபத்து மிகுந்த கர்ப்பம் என்பதை எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பதே இந்தப் பருவத்தில் நான் எழுத வேண்டிய கட்டுரையின் பொருள். பாஜோ மக்களைப் பற்றி நம்மவர்கள் கேள்விப்பட்டிருப்பதெல்லாம், அவர்கள் மூச்சடக்கி நெடுநேரம் கடலில் மூழ்கும் திறமையையும், அவர்களுடைய மண்ணீரல் அண்டை நிலத்து சாலுவான் மக்களுடையதை விட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரியது என்று 2018இல் வெளிவந்த ஆய்வையும் மட்டுமே. அந்த வீடுகளில் பிள்ளை பெறுகிற பெண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இந்தோனேசிய அரசின் தாய்சேய் நலப் பரப்புரையில் ‘நான்கு மிகை’ என்று ஒரு வாய்பாடு உண்டு. 20 வயதுக்கு முன் கருத்தரிப்பது, 35 வயதுக்குப் பின் கருத்தரிப்பது, இரண்டு ஆண்டுக்கும் குறைந்த இடைவெளியில் அடுத்த பிள்ளை, மூன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆகிய நான்கும் அதில் அடங்கும். வினாத்தாள் வைத்து நடத்தப்படும் ஆய்வுகள் இவற்றைப் பெண்கள் சொல்கிறார்களா என்று கேட்டு, அவர்களுடைய அறிவு நன்று, போதும், குறைவு என்று தரம் பிரித்துவிடுகின்றன. நாற்பது வயதில் ஆறாவது பிள்ளையைச் சுமக்கும் ஒரு பெண், தன் கர்ப்பத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன உடனேயே அவளுக்கு அறிவு குறைவு என்று முடிவாகிவிடுகிறது. ரத்தப்போக்கையும் வலிப்பையும் குழந்தை குறுக்கே கிடப்பதையும் கண்டு அவள் அஞ்சுவாளே, அந்த அச்சத்துக்கு இந்தத் தரப்பட்டியலில் எந்த மதிப்பெண்ணும் கிடையாது.

இதை அறியாமை என்று எழுதுவது முறைதானா என்பது என் முதல் கேள்வி. தாராவியில் வாழும் நம் தமிழ்ப் பெண்களின் பேறுகாலப் புரிதலை இதனருகே வைத்துப் பேசலாமா என்பது இரண்டாவது. ஒன்று கடல், மற்றொன்று பெருநகரம், ஒப்பீடு நிற்காது என்கிறார் என் வழிகாட்டி.

ஓய்வுபெற்ற செவிலி, சயான்

மகளே, உன் முதல் கேள்விக்கு மட்டும் என் பணி அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கர்ப்பத்தில் வரும் ஆபத்துகளில் கண்ணுக்குத் தெரிபவை சில, தெரியாதவை பல. உதிரப்போக்கு, ஜன்னி என்னும் கர்ப்பகால வலிப்பு, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, பிள்ளையின் கை முதலில் வெளிவருவது முதலியவற்றை எந்த ஊர்க் கிழவியும் ஆபத்து என்று உடனே சொல்லிவிடுவாள். ரத்தக் கொதிப்பு 140/90ஐத் தொட்டிருப்பதையோ, ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கி 7ஐ நோக்கிப் போய்க்கொண்டிருப்பதையோ, சிறுநீரில் புரதம் கலந்து வருவதையோ கருவியும் சோதனையும் இல்லாமல் எவராலும் சொல்ல முடியாது. கரையான் அரித்த உத்தரம் விழுகிற நாள் வரைக்கும் வீடு வீடாகத்தான் தெரியும்.

தாராவிப் பெண்களிடம் நான் கண்டதும் இதுவே. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது இயல்புதான் என்று மாமியார் சொல்வார். பெரும்பாலான பெண்களுக்கு அது உண்மையும்கூட, ஆகவே அவர் சொல்வதைப் பொய் என்று நாம் தள்ளிவிட முடியாது. முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலைவலி விடாமல் இருந்து, கண் மங்கலாகி, மேல்வயிற்றில் வலியும் வந்தால் அது வேறு கதை என்பதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வோம். சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுத்துவிடும் என்று அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த பெண்களும் இருந்தார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு, அந்தக் கறுப்பு குழந்தைக்கும் ஏறிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அதை விளக்கிச் சொன்ன பிறகு பலர் விழுங்கினார்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள். 2016இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, ஆபத்து மிகுந்தவர்களின் அட்டையில் சிவப்பு ஒட்டியை ஒட்டுவார்கள். அந்தச் சிவப்பைக் கண்டவுடன் பல பெண்கள் ‘எனக்கு ஆபரேஷன் நிச்சயம்’ என்றே எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஒட்டிய பொருள் ஒன்று, அவர்கள் படித்த பொருள் மற்றொன்று. பாஜோ பெண்களிடமும் அட்டையைப் பார்த்து என்ன நினைத்தாய் என்று எவராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்.

கடலோர மானுடவியல் ஆசிரியர், வடாலா

கேட்டவருடைய ஐயம் நியாயமானது. ஆனால் பெண்கள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்ற கேள்வியை அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதிலிருந்து பிரித்துவிட்டால் விடை கிடைக்காது. பாஜோ மக்கள் ஒரு காலத்தில் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் இன்று கோரோந்தாலோவின் தொரோசியாஜே, வாக்கதோபித் தீவுகளின் சம்பெலா போன்ற குடியிருப்புகளில் மரப்பாலங்களால் இணைந்த கால்வீடுகளில் நிலைபெற்றிருக்கிறார்கள். சுற்றிலும் கடல் இருந்தாலும் குடிநீரை நிலத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். மீனுக்குக் குறைவில்லை. கீரையும் பழமும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. நீர் வற்றும் நேரத்தில் பெண்கள் பவளத்திட்டுகளில் இறங்கிச் சிப்பியும் கடலட்டையும் பொறுக்குகிறார்கள், கர்ப்பிணியாயினும் அந்த வேலையை விட்டுவிடுவது எல்லோருக்கும் இயல்வதில்லை. ஆண்கள் நாள்கணக்கில் கடலில் இருப்பதால், வலி கண்ட வேளையில் முடிவெடுக்க வேண்டியவர் வீட்டில் இல்லாமலே போவதும் உண்டு.

இந்தோனேசிய அரசு 1989இல் கிராம மருத்துவச்சித் திட்டத்தைத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் 50,000க்கும் மேற்பட்ட பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை ஊர்களுக்கு அனுப்பியது. மாதந்தோறும் கூடும் போஸ்யாந்து என்னும் நலவாழ்வு முகாமில் எடை பார்ப்பது, மேல்கைச் சுற்றளவு 23.5 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் ஊட்டக்குறைவு என்று குறிப்பது, தாய்சேய் நலக் கையேட்டை நிரப்புவது எல்லாம் நடக்கின்றன. அந்தக் கையேடு 1994இல் நடு ஜாவாவின் சலாத்திகாவில் ஜப்பானிய உதவியோடு சோதனையாகத் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. சுரபாயாவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் பூஜி ரொக்யாத்தி வகுத்த மதிப்பெண் அட்டையும் வழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கர்ப்பமும் 2 புள்ளியில் தொடங்கும். 6 முதல் 10 வரை சேர்ந்தால் ஆபத்து மிகுந்தது, 12 அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் மிக ஆபத்தானது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமும் உண்டு.

இவற்றுக்கு இணையாகச் சன்ரோ என்னும் ஊர் மருத்துவச்சியும் தொடர்கிறார். அவர் வயிற்றை நீவிக் குழந்தையின் கிடப்பைச் சொல்கிறார், மந்திரம் ஓதுகிறார், பேற்றுக்குப் பின் பல நாள் தாயையும் சேயையும் பார்த்துக்கொள்கிறார். நஞ்சுக்கொடியைக் குழந்தையின் உடன்பிறப்பாகக் கருதிக் கடலில் விடும் வழக்கமும் அவர் பொறுப்பில்தான் நடக்கிறது. பாஜோ மக்கள் இசுலாமியர் என்றாலும், கடலில் உறையும் மூதாதையரான ம்போ ம டிலாவோவின் மனம் கோணக்கூடாது என்ற நம்பிக்கையும் அவர்களிடம் உயிரோடிருக்கிறது. நிலத்து மருத்துவமனையில் பேறு நடந்தால் நஞ்சுக்கொடி யார் கைக்குப் போகும் என்பது நமக்குச் சிறிய கேள்வியாகத் தோன்றலாம். குழந்தைக்குப் பின்னாளில் நோய் வந்தால் அதன் காரணத்தை அந்த உடன்பிறப்பிடம் தேடுகிற குடும்பத்துக்கு அது மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கிற கேள்வி. இந்தோனேசியாவில் பயிற்சி பெற்ற மருத்துவச்சியும் ஊர் மருத்துவச்சியும் கூட்டாகப் பணியாற்றும் ஏற்பாட்டை அரசே வகுத்ததற்கு இத்தகைய காரணங்கள் உண்டு. பேற்றை முன்னவர் பார்ப்பார், சடங்கையும் பின்கவனிப்பையும் பின்னவர் பார்ப்பார்.

ஒப்பீடு தேடுவதானால் தாராவிக்கு முன்பாக மலேசியாவின் சபா மாநிலத்தைப் பாருங்கள். செம்போர்ணாக் கடலில் வாழும், பாஜோவின் உறவினமான பாஜாவ் லாவுத் மக்களில் பலர் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் அல்லர். அரசு மருத்துவமனைக்குப் போனால் அயல்நாட்டவருக்கான கட்டணம், ஆவணம் கேட்பார்களோ என்ற அச்சம் வேறு. அவர்கள் வீட்டில் பிள்ளை பெறுவதை நம்பிக்கையின் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்கள் ஆவணமின்மையைக் கணக்கில் எடுப்பதில்லை.

மகப்பேறு மருத்துவர், ஆண்டாப்ஹில்

மேலே ஐயா சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. ஆயினும் பெண்களின் புரிதலை மதிக்கிறோம் என்ற பெயரில் அதை முழுமையானது என்று எழுதிவிடும் பழக்கம் அண்மைக் காலத்தில் வளர்ந்திருப்பதால் சற்று முரண்பட விரும்புகிறேன். சன்ரோவின் கை குழந்தையின் கிடப்பை அறியலாம், ரத்த அழுத்தத்தை அறியாது. முந்தைய சிசேரியன், இரட்டைப் பிள்ளை, கட்டுக்கடங்காத ரத்தக் கொதிப்பு ஆகியவை இருக்கும் பெண் மரப்பாலத்தின் முனையில் உள்ள வீட்டில் பேறு பார்க்கக் கூடாது. இதில் பண்பாட்டு விளக்கத்துக்கு இடமில்லை.

அதே சமயம் ‘நான்கு மிகை’ போன்ற பட்டியல்களையும் மருத்துவம் தானே சந்தேகித்திருக்கிறது என்பதை மாணவி அறிந்துகொள்ள வேண்டும். அன்றைய ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ மக்களாட்சிக் குடியரசு) கசோங்கோவில் 1980களில் வெளியான ஆய்வில், பேற்றில் தடை ஏற்பட்ட பெண்களில் 71 விழுக்காட்டினர் முன்கூட்டி ஆபத்துப் பட்டியலில் இடம்பெறாதவர்கள். பட்டியலில் இடம்பெற்றவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அந்தச் சிக்கல் வரவேயில்லை. 1997இல் கொழும்பில் கூடிய பாதுகாப்பான தாய்மை மாநாடு ‘ஒவ்வொரு கர்ப்பமும் ஆபத்தை எதிர்கொள்கிறது’ என்ற நிலைப்பாட்டை எடுத்ததற்கு இத்தகைய முடிவுகளே அடிப்படை. ஆகவே, ஐந்து பிள்ளையை நல்லபடியாகப் பெற்றவள் ஆறாவதையும் அப்படியே பெறுவேன் என்று சொல்லும்போது, பெரும்பாலும் அவள் கணக்கு பலித்துவிடும். பலிக்காத வேளையில், பலமுறை விரிந்து தளர்ந்த கருப்பை சுருங்காமல் உதிரம் கொட்டும். அப்போது அவளுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே முழு விவகாரம்.

அந்த நேரக் கணக்கைப் பாருங்கள். மருத்துவ உதவி கிடைக்காவிட்டால், பேற்றுக்குப் பின்வரும் பெரும் உதிரப்போக்கில் சராசரியாக இரண்டு மணி நேரத்திலும், ஜன்னியில் ஏறத்தாழ இரண்டு நாளிலும், பேற்றில் தடை ஏற்பட்டால் ஏறத்தாழ மூன்று நாளிலும் உயிர் போகும் என்று நெடுநாளாகக் கணக்கிட்டு வருகிறோம். நீர் வற்றினால் பவளத்திட்டின் மேல் படகு நகராது. மேற்குப் பருவக்காற்று வீசும் திசம்பர், சனவரி மாதங்களில் நீர் இருந்தும் கடக்க முடியாத நாள்கள் உண்டு. மூன்று நாள் அவகாசம் தரும் சிக்கலில் இந்தத் தாமதத்தைத் தாங்கலாம். இரண்டு மணி நேரச் சிக்கலில் ஒரு வற்றுநீர் வேளையே போதும். தாடியஸ், மெய்ன் ஆகிய இருவரும் 1994இல் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இவற்றில் பெண்ணின் புரிதல் நேரடியாகத் தொடுவது முதலாவதை மட்டுமே. எல்லாப் பழியையும் அவள் புரிதலின் மேல் போடும் கட்டுரை, மற்ற இரண்டுக்கும் பொறுப்பானவர்களை எளிதில் விடுவித்துவிடுகிறது.

நலவாழ்வுப் பணியாளர், தாராவி

வழிகாட்டி ஐயா ஒப்பீடு நிற்காது என்றது எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் பகுதியில் மருத்துவமனை நடந்து போகும் தொலைவில் இருக்கிறது, கடலும் இல்லை, அதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் எங்கள் பெண்களில் கணிசமானோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஒன்றரை நாள் ரயில். இங்கே ஆறு மாதம் பார்த்த ரத்த அழுத்தமும் ரத்தப் பரிசோதனையும் மராத்தியில் அச்சிட்ட அட்டையில் இருக்கும். அங்கே போனால் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணான பிக்மி எண் கேட்பார்கள், முதலிலிருந்து எல்லாம் தொடங்கும். ரத்தக் கொதிப்பு ஏறுவதற்கு மிகவும் வாய்ப்புள்ள கடைசி மூன்று மாதத்தின் தொடக்கத்திலேயே அந்தப் பெண் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லாமல் சில வாரம் இருந்துவிடுகிறாள். மாத்திரை தீர்ந்திருக்கும், ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பாள்.

இதை அறியாமை என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் பயமில்லாமல் பெறுவேன் என்பது அவளுடைய பாதுகாப்புக் கணக்கு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் பச்சை உடம்போடு படுக்க இடம் எங்கே? நான் போகாதே என்று எவரையும் தடுப்பதில்லை. புறப்படுவதற்கு முன் அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்த்து, தமிழில் ஒரு தாளில் எழுதி, இரண்டு மாத மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறேன். ஊரில் இருக்கும் அவள் அம்மாவின் கைப்பேசிக்கும் அந்தத் தாளின் படம் போய்விடும். மாமியாரிடம் சொல்வதற்கு முன் பெண்ணின் அம்மாவிடம் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கிறது என்பது என் அனுபவம். மற்றவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

செம்பூர் மாணவி

அனைவருக்கும் மிக்க நன்றி. அறிவுக்கு மதிப்பெண் போடும் பகுதியைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட முடிவு செய்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, கடந்த கர்ப்பத்தில் முதன்முதலில் எதைக் கண்டு அஞ்சினீர்கள், அதை யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்யச் சொன்னார், அப்போது வீட்டில் யார் இருந்தார், படகு யாருடையது என்ற வரிசையில் அமைந்த கேள்விகளைத் தேர்ந்து, வெளிவந்த நேர்காணல்களை அவற்றின்படி மறுபடி வாசிக்கப் போகிறேன். தாராவியில் அதே கேள்விகளில் படகு இருக்கும் இடத்தில் ரயிலும் அட்டையும் வரும்.

ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தோனேசியாவில் 2020 கணக்கெடுப்பின்படி 189. நம் நாட்டில் 2018–20 காலத்தில் மகாராட்டிரத்தில் 33, தமிழ்நாட்டில் 54. இந்த எண்களைத் தொடக்கத்தில் அட்டவணையாக வைத்தால் ஒப்பீட்டுக்கு வலுச் சேருமா?

மகப்பேறு மருத்துவர், ஆண்டாப்ஹில்

அட்டவணையாக வைக்க வேண்டாம். அங்கே எடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விரிவான படிவத்திலிருந்து, இங்கே எடுத்தது மாதிரிப் பதிவு முறையிலிருந்து. வழிமுறை வேறு. அதைவிட, மாநிலத்தின் சராசரியோ நாட்டின் சராசரியோ ஒரு கடற்குடியிருப்பைப் பற்றியும் தாராவியின் ஒரு சந்து பற்றியும் எதுவும் சொல்லாது.

ஆனால் அந்த 189ஐ வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கு நாற்பது பேறு நடக்கும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய விகிதமே அங்கும் இருந்தால் ஒரு தாய் இறப்பு நிகழ ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். விகிதம் இரண்டு மடங்காக இருந்தாலும் ஆறேழு ஆண்டுக்கு ஒன்று. அத்தகைய இறப்பை ஊரார் அந்தப் பெண்ணின் பெயரோடும் அந்த இரவின் காற்றோடும் மீறப்பட்ட ஏதோ ஒரு விலக்கோடும் சேர்த்து நினைவில் வைத்திருப்பார்கள். வயதும் பிள்ளை எண்ணிக்கையும் காரணம் என்று அவர்களுடைய கண்முன் நடந்தவற்றிலிருந்து எவராலும் கண்டுபிடிக்க இயலாது, அதற்குப் பல்லாயிரம் பேறுகளின் பதிவேடு தேவை. எனவே, இறப்பை விடுத்து, மயிரிழையில் பிழைத்த பெண்களின் கதைகளைத் தேடுங்கள். ஒரு தாய் இறப்புக்கு அத்தகையவை பல மடங்கு இருக்கும், பிழைத்தவளே உட்கார்ந்து பேசவும் செய்வாள். சயான் அக்கா சொன்ன அட்டைக் கேள்வியை அவர்களிடமே முதலில் வையுங்கள்.